முப்பந்தல் எதிர்க்காற்றில் எஞ்சினுக்குப் பவர் கூடுமா?

தக்கலை டீசல்:
நாகர்கோவில் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்காரர் வீடியோவில் அடித்துச் சொல்கிறார்: கம்பெனி ஏர் பாக்ஸை (எஞ்சினுக்குக் காற்று போகும் ஃபில்டர் பெட்டியை) கழற்றிவிட்டு, பெட்டியில்லாத கூம்பு வடிவ கோன் ஃபில்டரை முன்பக்கம் பார்த்து வைத்தால், காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலின் எதிர்க்காற்று எஞ்சினுக்குள் தானாக ஏறி 15 சதவீதம் பவர் கூடுமாம். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் வண்டியின் முகத்தில் மோதும் காற்றின் அழுத்தம் சுமார் 450 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். அரை சதவீதம்கூட இல்லை, பவரும் அதற்கு மேல் கூடாது. பதினைந்து எங்கிருந்து வந்தது?

ஆரல் காற்று:
அண்ணே, நீங்கள் காகிதத்தில் ஓட்டுகிறீர்கள், நாங்கள் ரோட்டில் ஓட்டுகிறோம். ஆடி மாதம் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு வந்து பாருங்கள். கோன் ஃபில்டர் போட்ட பிறகு என் பைக்கின் பிக்கப்பே வேறு. அந்தக் காற்றைப் பற்றி தக்கலையில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

தக்கலை டீசல்:
காற்று 40 கி.மீ. வேகத்தில் எதிரே அடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் போகிற வண்டிக்கு அது 140. அப்போதும் ஒரு சதவீதத்தைத் தொடாது. ஆனால் வண்டியைப் பின்னால் தள்ளும் காற்றின் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். எதிர்க்காற்றில் வண்டி திணறும், பறக்காது. திரும்பச் சொல்கிறேன்: அரை சதவீதம்.

மார்த்தாண்டம் மக்கா:
பறந்தது என்றால் அது பின்காற்றாக இருந்திருக்கும் மக்கா. திருநெல்வேலிக்குப் போகும்போது ஓட்டியிருப்பாய்.

ஆரல் காற்று:
எங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று மார்த்தாண்டத்துக்காரர் சொல்லித் தர வேண்டாம். நான் நாகர்கோவிலுக்கு வரும் திசையில்தான் சொன்னேன். அப்புறம், கவாசாகி முட்டாளா? இசட்எக்ஸ்-10ஆர் பைக்குக்கு 203 பிஎஸ் (குதிரைத்திறன்), ராம் ஏர், அதாவது ஓடும் வேகத்தில் முன்னால் மோதி உள்ளே ஏறும் காற்று, சேர்ந்தால் 213 பிஎஸ் என்று கம்பெனியே அச்சடித்திருக்கிறது. ஐந்து சதவீதம்! அரை சதவீதம் எங்கே போனது?

தக்கலை டீசல்:
அந்தக் கணக்கை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அந்தப் பைக் ஏறக்குறைய 300 கி.மீ. வேகத்தைத் தொடும். வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. 450 பாஸ்கல் 4,050 ஆகும், அதாவது நான்கு சதவீதம். கவாசாகியின் கணக்கும் என் கணக்கும் பக்கத்தில்தான் நிற்கின்றன. நீங்கள் வெள்ளமடம் ரோட்டில் 300 ஓட்டுகிறீர்களா?

இன்னொன்று. ஏர் பாக்ஸ் என்பது சும்மா ஒரு பிளாஸ்டிக் பெட்டி இல்லை. வால்வு மூடியதும் உள்ளே வந்துகொண்டிருந்த காற்று முட்டித் திரும்பும். அந்த அலை அடுத்த முறை வால்வு திறக்கும் நேரத்தில் வந்து சேரும்படிதான் காற்றுக் குழாயின் நீளத்தையும் பெட்டியின் கொள்ளளவையும் வைக்கிறார்கள். குழாய் நீளமாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழலும் வேகத்தில்) இழுவை நன்றாக இருக்கும், குட்டையாக இருந்தால் மேல் ஆர்பிஎம்மில். பெட்டியைக் கழற்றினால் பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அழ வேண்டியதுதான். காரின் பானெட்டுக்குள் கோன் ஃபில்டர் போட்டால் இன்னும் மோசம்: எஞ்சின் பக்கத்திலுள்ள 60 டிகிரி காற்று, வெளியே இருக்கும் 30 டிகிரி காற்றைவிட அடர்த்தியில் ஒன்பது சதவீதம் குறைவு. அரை சதவீதத்துக்கு ஆசைப்பட்டு ஒன்பதை இழப்பதா?

குலசேகரம் ரப்பர்:
கார்புரேட்டர் வண்டியில் கோன் ஃபில்டர் போட்டால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் கொதிக்கும். இதை யாரும் சொல்லவில்லையே. மழைக்காலத்தில் குழித்துறைப் பக்கம் தண்ணீர் ஏறும்போது, ஃபில்டரைக் கீழே இறக்கி வைத்தவர்களின் வண்டி தண்ணீரைக் குடித்து கனெக்டிங் ராட் வளைந்து நிற்கும்.

ஆரல் காற்று:
நான் மெயின் ஜெட் மாற்றித்தான் ஓட்டுகிறேன். எஞ்சின் ஆயில் பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான் ஒரே நம்பரைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் மட்டம் தட்டினார். நான் சொல்வது பிக்கப். கையைத் திருப்பியதும் வண்டி பாய்கிறது. அதை உங்கள் பாஸ்கல் அளக்குமா?

தக்கலை டீசல்:
பாய்வது சத்தம். பெட்டி இல்லாததால் உறிஞ்சும் சத்தம் நேரே காதுக்கு வருகிறது, அதைப் பவர் என்று நினைக்கிறீர்கள். ஆயில் விஷயத்தில் நான் சொன்னதையும் இங்கே எவரும் மறுக்கவில்லை.

மார்த்தாண்டம் மக்கா:
மறுத்தேன். நீங்கள் படிக்கவில்லை. அது போகட்டும், பைக் வேலைக்கு மார்த்தாண்டத்தை விட்டால் இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. நாகர்கோவில் ஒர்க் ஷாப்பை நம்பியதே தப்பு.

கோட்டாறு ஸ்பேனர்:
ஓய், பேச்சை அளந்து பேசும். மார்த்தாண்டத்தில் ஃபில்டரைத் திருப்பி மாட்டி அனுப்பிய வண்டிகள் எங்களிடம்தான் வருகின்றன.

மார்த்தாண்டம் மக்கா:
வந்த வண்டியின் படத்தைப் போடும், பார்க்கலாம்.

தக்கலை டீசல்:
ஊர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தில் அரை சதவீதத்துக்கு மேல் வரும் என்று எவராவது கணக்கோடு காட்டுங்கள்.

ஆரல் காற்று:
கணக்கு வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை தோவாளை பூச்சந்தை முன்னால் வண்டியோடு நிற்கிறேன். உங்கள் கம்பெனி ஏர் பாக்ஸோடு வாருங்கள்.

தக்கலை டீசல்:
ரோட்டில் ரேஸ் ஓட்டி அளப்பதா? பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி அளந்த ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள்.

ஆரல் காற்று:
டைனோவில் முப்பந்தல் காற்று அடிக்குமா?

தக்கலை டீசல்:
அரை சதவீதம்.