‘நவ் அண்ட் தென்’ முதல் தடவை காதுல விழுந்தப்போ… உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஸ்லைடு கிட்டார்:

ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோன்னு நாலு பேர் இருந்த இங்கிலாந்து பேண்ட் பீட்டில்ஸ் பிரிஞ்சது 1970ல. நான் பிறந்தது அதுக்கு ரொம்பப் பின்னாடி. அதனால அவங்க பாட்டெல்லாம் எனக்கு மலை, கடல் மாதிரி. கண்ணைத் திறக்கும்போதே இருந்தது. கூடப் படிச்சவங்க எல்லாம் தங்களுக்குப் பிடிச்ச பேண்டோட அடுத்த சிங்கிளுக்கு, அதாவது தனியா வெளிவர்ற பாட்டுக்கு, நாள் எண்ணிக்கிட்டு இருப்பாங்க. எனக்கு அந்தக் கொடுப்பினையே இல்ல. 2023 நவம்பர் 2ல அவங்களோட ‘நவ் அண்ட் தென்’ வர்ற வரைக்கும்!

அன்னைக்கு கிரீன்விச் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு வெளியீடு. சரியா அதே நேரத்துக்கு எனக்கு ஆன்லைன் மீட்டிங். கேமராவை அணைச்சுட்டு, ஒரு காதுல மீட்டிங், ஒரு காதுல பாட்டுன்னு திட்டம் போட்டேன். ‘ஒன், டூ’ன்னு எண்ணுற குரல் வந்ததும் மீட்டிங் காதைக் கழட்டி வெச்சுட்டேன்.

அந்தப் பாட்டோட பழைய டெமோ எனக்கு மனப்பாடம். 1970களோட பிற்பகுதியில, ஜான் லெனன் நியூயார்க் வீட்டுல பியானோ முன்னாடி உக்காந்து சாதாரண கேசட்டுல பதிஞ்சு வெச்சது. பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுற மாதிரிதான் கேக்கும். கூடவே ‘ம்ம்ம்’னு விடாம ஒரு கரண்ட் இரைச்சல். இப்போ கதவைத் திறந்துக்கிட்டு ஆள் உள்ள வந்து என் பக்கத்துலயே உக்காந்துட்டார். மூச்சு வாங்குறது கூடக் கேக்குது. 1980 டிசம்பர்ல சுட்டுக் கொல்லப்பட்ட மனுஷன்.

மீட்டிங்ல என் பேரை ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. மைக்கைப் போட்டு ‘நெட் பிரச்சினை’ன்னேன். குரல் கம்மிப் போயிருந்ததால அவங்களும் நம்பிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். மொத்தம் நாலு நிமிஷம் சொச்சம்தான் பாட்டு. அன்னைக்கு எத்தனை தடவை ஓடுச்சுன்னு கணக்கே இல்ல.

நீங்க எப்படிக் கேட்டீங்க? சின்னதா இருந்தாலும் எழுதுங்க.

மிக்ஸிங் மேஜை:

நான் கேட்கவே கூடாது என்று இருந்தவன். அந்த வருடம் ஜூனில் பால் மெக்கார்ட்னி ஒரு பேட்டியில் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான், இறந்தவர் குரலை மெஷினில் செய்கிறார்கள் என்று ஊரே பேசியது. ஒலிப்பதிவு என் தொழில். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

வெளியீட்டுக்கு முந்தின நாள் வந்த, பாட்டு உருவான கதையைச் சொல்லும் 12 நிமிடக் குறும்படத்தைப் பார்த்த பிறகுதான் சமாதானமானேன். எதையும் புதிதாகச் செய்யவில்லை, பிரித்திருக்கிறார்கள். ஜானின் டெமோவில் குரலும் பியானோவும் ஒரே டேப்பில் ஒன்றாகக் கிடக்கின்றன. பியானோவைக் குறைத்தால் குரலும் சேர்ந்து குறையும். 1994ல் ஜானின் மனைவி யோகோ ஓனோ கேசட்டைக் கொடுத்து, 1995ல் பாலும் ஜார்ஜும் ரிங்கோவும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கைவிட்டதற்கு அந்தச் சிக்கல் முக்கியக் காரணம். அதே கட்டு கேசட்டிலிருந்து எடுத்த இன்னும் இரண்டு பாட்டுகள் 1995லும் 96லும் சிங்கிளாக வந்துவிட்டன, இது மட்டும் நின்றுபோனது.

இயக்குநர் பீட்டர் ஜாக்சன், பீட்டில்ஸ் பற்றிய தன் ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக, எல்லா ஒலியும் ஒரே தடத்தில் பதிந்த 1969ம் வருடத்து மோனோ டேப்புகளைப் பிரிக்க ஒரு மென்பொருளை உருவாக்க வைத்தார். எது குரல், எது கிட்டார், எது பேச்சு என்று அதற்குப் பழக்கிக் கொடுத்தார்கள். அதே வித்தைதான் இங்கேயும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை கதையில்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

நான் வேலைக்குப் பயன்படுத்தும் பிரிப்பு மென்பொருள்களில் ‘ஸ’ ஒலி தகரத்தில் கீறியது மாதிரி வரும். அதனால் முதல் தடவை பாட்டாகவே கேட்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். இரண்டாவது சரணம் வரும்போது நோட்டையும் பேனாவையும் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

திண்ணை:

எல்லாரும் ஆஹா ஓஹோங்குறீங்க, நான் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்துக்கிறேன். டெமோவுல நடுவுல ஒரு பகுதி உண்டு, ஜான் அரைகுறை வார்த்தையில முனகிக்கிட்டே மேல ஏறுவார். அதைப் புதுப் பாட்டுல எடுத்துட்டாங்க. எனக்கு அந்தப் பாட்டே அந்த இடம்தான். பூர்வீக வீட்டை அழகாப் புதுப்பிச்சு, திண்ணையை மட்டும் இடிச்சுட்டுச் சாவியைக் கையில குடுத்த மாதிரி இருக்கு. வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் உக்கார்ற இடம் எங்க?

நீலவானம்:

நான் அப்பாவோடு கேட்டேன். அவருக்கு நால்வரில் ஜார்ஜ் ஹாரிசன்தான் உயிர். மற்ற மூவரையும் ஒரு மரியாதைக்காக ஏற்றுக்கொண்டவர் என்றுகூடச் சொல்லலாம். நடுவில் ஸ்லைடு கிட்டார் (தந்தியின் மேல் ஒரு குழாயை வழுக்கி வாசிப்பது) வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து, “ஜார்ஜ்! பாத்தியா, ஜார்ஜ்!” என்றார்.

அது ஜார்ஜ் இல்லை. அவர் 2001லேயே போய்விட்டார். 1995ல் அவர் வாசித்துப் பதிந்த கிட்டார் பாட்டில் இருக்கிறது, ஆனால் அந்த ஸ்லைடு, ஜார்ஜின் பாணியில் பால் வாசித்தது. சொல்வதா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன்.

அப்பா பாட்டு முடியும்வரை பேசவில்லை. பிறகு, “ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஸ்கூலுக்குப் போனவங்கம்மா. அவனுக்கு இவன் கை தெரியாதா?” என்றார். பால் 1942ல் பிறந்தவர், ஜார்ஜ் 1943. லிவர்பூலில் பள்ளி பஸ்ஸில் பழகியவர்கள். அப்பா இதையெல்லாம் உறவுக்காரர் வீட்டு விஷயம் மாதிரி சொல்வார்.

“மறுபடி போடு” என்றார். இரண்டாவது தடவையும் ஸ்லைடு வந்ததும் “ஜார்ஜ்” என்றார், மெதுவாக. நான் திருத்தவில்லை.

நாப்பத்தஞ்சு ஆர்பிஎம்:

நான் ஏழு இன்ச் இசைத்தட்டே வாங்கிட்டேன். ஒரு பக்கம் இது, மறுபக்கம் அவங்க முதல் சிங்கிள் ‘லவ் மி டூ’, 1962ல வந்தது. ரெண்டுக்கும் நடுவுல 61 வருஷம், நமக்குத் தட்டைத் திருப்புற நேரம். தட்டு கைக்கு வந்த அன்னைக்கே பிளேயர் ஊசி ஒடிஞ்சுபோச்சு. இன்னும் மாத்தல. போன்லதான் கேட்டுக்கிட்டு இருக்கேன், தட்டு அலமாரியில சாமி மாதிரி உக்காந்திருக்கு.

வயலின்காரி:

எனக்குப் பிடிச்சது தந்தி வாத்தியக்காரங்க சங்கதி. லாஸ் ஏஞ்சல்ஸ் கேப்பிடல் ஸ்டுடியோவுல வாசிச்சவங்ககிட்ட இது பீட்டில்ஸ் பாட்டுன்னே சொல்லலையாம். பால் ஏதோ புதுசா செய்யறார்னு நினைச்சு வாசிச்சுட்டுப் போயிருக்காங்க. குழுவா வாசிக்கிறவ நான். நோட்ஸைப் பாத்து வாசிச்சுட்டு, சம்பளம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து, பல மாசம் கழிச்சு ஒருநாள் இது தெரிஞ்சா… அன்னைக்கு நான் இன்னும் ஒழுங்கா வாசிச்சிருக்கலாமேன்னுதான் முதல்ல தோணும்!

ஸ்லைடு கிட்டார்:

நீலவானம், உங்க அப்பாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க. திண்ணை, நீங்க சொல்றது எனக்கும் உறுத்துச்சு. இப்பல்லாம் டெமோவையும் புதுசையும் அடுத்தடுத்துப் போட்டுக்கிறேன், உங்க திண்ணை அங்க அப்படியே இருக்கு. ஆர்பிஎம், முதல்ல போய் ஊசி வாங்குங்க.

ஒரு பின்குறிப்பு. 2025 பிப்ரவரியில இந்தப் பாட்டு ராக் பிரிவுல கிராமி வாங்கினப்போ, போதும்னு அன்னைய மீட்டிங் கதையை எங்க டீம் லீடர்கிட்ட ஒப்புக்கிட்டேன். “அன்னைக்கே தெரியும்பா” ன்னார். ‘நெட் பிரச்சினை’ன்னு சொல்லப் போட்ட மைக்கை நான் திரும்ப அணைக்கவே இல்லையாம். பாட்டு முடியுறவரைக்கும் டிரம்ஸ் வாசிக்கிற ரிங்கோ கூடச் சேர்ந்து மேஜையில தட்டிக்கிட்டே இருந்திருக்கேன். ஒன்பது பேர் கேட்டிருக்காங்க.