வெயில் ஊரில் முதல் வீனஸ் ஃப்ளைட்ராப்: வளர்த்தவர்கள் அனுபவம்

சென்னை, மொட்டை மாடி

வீனஸ் ஃப்ளைட்ராப் என்பது இலை நுனியில் இருக்கும் பொறியால் பூச்சி பிடித்துத் தின்னும் செடி. முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "இது குளிர் தேசத்துச் செடி சார், மெட்ராஸ்ல நிக்காது" என்று நர்சரிக்காரர்களே சொல்கிறார்கள். உலகத்திலேயே இது இயற்கையாக வளர்வது ஒரு சிறு பகுதியில்தான்: அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில், வில்மிங்டன் நகரத்தைச் சுற்றி. அங்கே ஜூலை மாதம் வெப்பம் சர்வசாதாரணமாக 32 டிகிரியைத் தொடும். கடல் பக்கம் என்பதால் புழுக்கமும் உண்டு. ஆக, வெயிலும் வியர்வையும் அதற்குப் புதிதில்லை. அதற்குப் பழக்கமில்லாதவை இரண்டு. ஒன்று, நம் போர்வெல் தண்ணீர். இன்னொன்று, குளிரே இல்லாத டிசம்பர்.

என் செடி கூரியரில் வந்தது. டப்பாவைத் திறந்தால் பாதிப் பொறிகள் கறுத்துக் கிடந்தன. பயணத்தில் இது சகஜம். பொறியைப் பார்க்காதீர்கள், நடுக்குருத்தைப் பாருங்கள். அங்கே பச்சையாக ஏதாவது சுருண்டு எழுகிறது என்றால் செடி உயிரோடு இருக்கிறது. கிழங்கு வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். கறுத்துக் கூழாகியிருந்தால் விற்றவரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பாதி வளர்ப்பு இதில்தான் இருக்கிறது. இந்தச் செடிக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50க்குள் இருப்பது நல்லது. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுகிறது. சொந்த ஊரில் அது நிற்பது சத்தே இல்லாத ஈர மணலில். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிற ஏற்பாடுதான் அந்தப் பொறி. அப்படிப்பட்ட வேருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு மூன்று மாதம் சமாளிக்கும், அப்புறம் ஒவ்வொரு இலையாகப் போகும். வளர்த்தவர் வெயிலைக் குறை சொல்வார்.

வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டு ஆர்ஓ தண்ணீர் 90 காட்டியது. பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர் கேனில் கிடைக்கும். பேட்டரிக் கடையில் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள்! ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் ஆகாது என்கிறார்கள். மீட்டரில் குறைவாகவே காட்டுவதால் நான் ஊற்றுகிறேன், ஏசி சர்வீஸ் செய்த வாரத்தில் மட்டும் நிறுத்திவிடுவேன். எல்லாவற்றையும் விட நல்லது ஐப்பசி, கார்த்திகை மழை. முதல் மழை மாடித் தூசியைக் கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் டிரம்மைத் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் மாசி வரை ஓடும்.

மண் கலவையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பீட் மாஸ் (மக்கிய சதுப்புநிலப் பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த வெள்ளைக் கல் குருணை) ஒரு பங்கு. உரம் போடாத பீட் மாஸாகப் பார்த்து வாங்குங்கள். செம்மண், மண்புழு உரம், சாண எரு எதுவும் கூடாது. நமக்குச் சுலபமாகக் கிடைப்பது கோகோபீட். ஆனால் அதில் உப்பு உண்டு, நல்ல தண்ணீரில் பல முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கே நாம் அலைகிறோம் என்பதால் நான் அந்த வழிக்குப் போகவில்லை. மண்தொட்டி வேண்டாம், அதிலிருந்தும் உப்பு இறங்கும். கொஞ்சம் ஆழமான பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் ஒரு தட்டு, தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர்.

வெயில் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிறையவே வேண்டும். ஜன்னலோர மேஜையில் வைத்தால் இலை நீண்டு துவளும், பொறி வெளிறிப்போகும். நேர் வெயில் பட்டால் சில ரகங்களில் பொறியின் உட்பக்கம் சிவந்து வரும். ஆனால் கத்திரி வெயிலில் இலையை விடத் தொட்டியைத்தான் கவனிக்க வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மதியம் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே வேர் என்ன பாடுபடும்? அந்தத் தொட்டியை இன்னொரு பெரிய வெள்ளைத் தொட்டிக்குள் இறக்கி, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை பச்சை நிழல்வலை கட்டினேன். மே மாதம் வளர்ச்சி நின்றதே தவிர, செடி வாடவில்லை.

வெயிலை விடப் பெரிய தொல்லை விருந்தாளிகள். யார் வந்தாலும் பொறியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அக்கா மகன் வந்ததும் கேட்டான், "மாமா, இதுக்கு சிக்கன் குடுக்கலாமா?" கூடாது. கொழுப்பும் இறைச்சியும் பொறிக்குள் அழுகி, பொறியும் சேர்ந்து கறுக்கும். விரலும் கூடாது. ஒவ்வொரு மடலின் உள்ளேயும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள் இருக்கும். ஏறத்தாழ 20 விநாடிக்குள் இரண்டு தடவை தொடப்பட்டால்தான் பொறி மூடும், ஒற்றை மழைத்துளிக்கு ஏமாறாது. மூடிய பிறகும் உள்ளே பூச்சி துடித்துக்கொண்டே இருந்தால்தான் செரிமானம் தொடங்கும். ஐந்து தடவைக்கு மேல் முடி தூண்டப்பட்டால் செரிமான நீர் ஊறத் தொடங்குகிறது என்று 2016இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். சும்மா மூடித் திறப்பதில் செடிக்குச் சக்தி வீண். ஒரு பொறி ஒரு சில தடவைதான் வேலை செய்யும், பிறகு காய்ந்துவிடும்.

மாடியில் வைத்தால் எறும்பும் சிலந்தியும் தானாக வந்து மாட்டும். காட்டிலும் அதன் முக்கிய உணவு அவைதான், ஈ கொஞ்சம்தான். பூச்சியே வராத பால்கனி என்றால் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் உலர்த்திய ரத்தப்புழு கிடைக்கும். ஒன்றை நனைத்து, பொறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத அளவில் வைத்து, மூடியதும் வெளியிலிருந்து மெல்ல அமுக்கிவிட வேண்டும். செத்த புழு துடிக்காது அல்லவா, அந்தத் துடிப்பை நாம்தான் கொடுக்கிறோம்.

கடைசியாகக் குளிர்காலம். அதன் ஊரில் மூன்று நான்கு மாதம் குளிரில் ஓய்வெடுக்கும். சென்னையில் தை மாத இரவு கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஓய்வில்லாமல் ஒன்றிரண்டு வருடம் ஓடும், ஆனால் பொறிகள் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும். அதனால் டிசம்பர் கடைசியில் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, கறுத்த இலைகளை வெட்டி, பூஞ்சைக்கொல்லி தெளித்து, பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் வைத்தேன். "கீரை வைக்கிற இடத்துல வேரைக் கொண்டாந்து வைக்கிறியேடா" என்று அம்மா தினம் ஒரு தடவை சொன்னார். அவ்வப்போது திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வேறு வேலை இல்லை. மார்ச்சில் மறுபடி நட்டதும் வந்த பொறிகள் முந்தைய வருடத்தை விடப் பெரியவை. கூரியரில் வந்த சின்னக் கன்றை முதல் வருடமே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நன்றாகத் தேறிய செடிக்கு மட்டும் செய்யுங்கள்.

சிங்கப்பூர், அடுக்குமாடி நடைபாதை

சென்னை அண்ணன் தட்டில் தண்ணீர் வை என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். இங்கே தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரில் கொசுப்புழு கண்டால் அபராதம். டெங்கி பயம் அப்படி, சோதனைக்கு வீட்டுக்கே வருவார்கள். செடிக்கோ தட்டில் தண்ணீர் இல்லாமல் முடியாது. நான் செய்வது இதுதான்: காலையில் கொஞ்சமாக ஊற்றுவேன், மாலைக்குள் அது உறிஞ்சிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைத் தேய்த்துக் கழுவுவேன், முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது. ஊருக்குப் போகும்போது பிடிஐ குருணை போட்டுவிட்டுப் போகிறேன். அது கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா, செடியை ஒன்றும் செய்வதில்லை. டெங்கிக் காலத்தில் சென்னையிலும் இது உதவும்.

இங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். குளிரும் இல்லை, பகல் குறைவதும் இல்லை. எதைப் பார்த்துச் செடி தூங்கும்? ஃபிரிட்ஜ் வைத்தியத்துக்கு எங்கள் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. இப்போது என்னிடம் இருப்பது பொறி சிறுத்துப்போன செடிதான். இதில் மாரடிப்பதற்குக் குடுவைச் செடியான நெப்பந்தஸ் வளர்க்கலாமே என்று கொஞ்ச நாளாக நினைக்கிறேன். கென்ட் ரிட்ஜ் பூங்காப் பக்கம் இயற்கையாகவே வளர்கிறது. குடுவையில் பூச்சி விழுந்து செரிக்கும், குளிர்கால ஓய்வு எதுவும் கேட்காது. இலங்கையிலும் ஒரு நெப்பந்தஸ் இனம் உண்டு, அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. பூமத்தியரேகைப் பக்கம் இருப்பவர்கள் பூச்சி தின்னும் செடி என்றதும் ஃப்ளைட்ராப்பையே ஏன் பிடித்துத் தொங்குகிறோம் என்று தெரியவில்லை, நானும் சேர்த்துத்தான்.

கோத்தகிரி

எங்களுக்கு ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை. டிசம்பர், ஜனவரி இரவுக் குளிரிலேயே இலைகள் தரையோடு படிந்து செடி சும்மா கிடக்கிறது. ஊட்டிப் பக்கம் உறைபனியே விழும், அங்கே வைத்திருப்பவர்கள் இரவில் மட்டும் உள்ளே எடுத்து வைக்கிறார்கள். எங்கள் கஷ்டம் வேறு. மேகம் இறங்கி வாரக்கணக்கில் வெயிலே இல்லாத நாட்களில் சாம்பல் பூஞ்சை வருகிறது. செத்த இலையை உடனுக்குடன் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் அடங்கும்.

குளிர் முடிந்ததும் பூந்தண்டு வரும். சின்னச் செடியாக இருந்தால் அதை வெட்டிவிடச் சொல்கிறார்கள், பூக்க விட்டால் பொறி வளர்வது நின்றுபோகும். என் பெரிய செடியில் ஒன்றை விட்டு வைத்தேன். பூ வெள்ளையாக, பொறிகளுக்கு நல்ல உயரத்தில் நிற்கிறது. பூவுக்கு வரும் தேனீயும் வண்டும் பொறியில் அபூர்வமாகவே மாட்டுகின்றன என்று 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

விதை வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் நீலம், ஊதா நிற ஃப்ளைட்ராப் படம் போட்டு விதை விற்கிறார்கள். நீல நிறத்தில் இந்தச் செடியே கிடையாது. எனக்கு வந்த பொட்டலத்தில் தட்டையான பழுப்பு விதைகள் இருந்தன, முளைத்தது ஏதோ புல். உண்மையான விதை கறுப்பாகப் பளபளக்கும், கடுகை விடச் சின்னது. முளைத்த பின் முழுச் செடியாக மூன்று நான்கு வருடம் ஆகும். டிஷ்யூ கல்ச்சர் கன்றாகவே, அதாவது ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றாகவே வாங்குங்கள். "காட்டில் எடுத்தது" என்று பெருமையாக யாராவது விற்றால் வாங்காதீர்கள், வட கரோலினாவில் அப்படிப் பிடுங்குவது 2014 டிசம்பரிலிருந்து சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். பூச்சி பிடிக்கும் செடியைக் காட்டில் பார்க்கத்தான் ஆசை என்றால் மழைக்குப் பிறகு நீலகிரியின் புல்வெளிகளில் குனிந்து தேடுங்கள். இலை முடிகளின் நுனியில் பசைத்துளியோடு ட்ரோசீரா நிற்கும். அதையும் பிடுங்க வேண்டாம்.