மழை பெய்தால் கதவோரம் தண்ணீர்: எங்கே பார்ப்பது?

மழை பெய்தாலே காரில் ஓட்டுநர் பக்கத் தரை நனைந்துவிடுகிறது. கதவு ரப்பர் பீடிங் மாற்றியும் நிற்கவில்லை. சன்ரூஃப் கிடையாது. கதவுப் படியில் ஈரக்கோடு தெரிகிறது. வேறு எங்கே பார்க்கலாம்?

பதில் 1
பீடிங்கில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் அங்கே அழுத்தம் போதவில்லை.

பதில் 2
எனக்குச் சந்தேகம் கதவுக்குள்தான். கண்ணாடியோரம் மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பு. அடிவிளிம்புத் துளைகள் வழியே அது வெளியேற வேண்டும். முதலில் அவற்றில் அடைத்த மண்ணை பிளாஸ்டிக் குச்சியால் எடுங்கள். அப்புறம் உள்பக்க டிரிம்மை (கதவின் உட்புறத்தை மூடும் பலகையை) கழற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டின் கீழோரம் பிரிந்திருந்தால் தண்ணீர் நேரே காருக்குள் வரும். என் காரில் ஸ்பீக்கர் மாற்றியவர் ஷீட்டைப் பிய்த்து அப்படியே மூடியிருந்தார். பழைய கறுப்புப் பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டினேன், அதோடு நின்றது. சிலிக்கான் பசை வேண்டாம், தயவுசெய்து. அடுத்த முறை ஷீட்டைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது.

கேட்டவர்
இதிலும் ஸ்பீக்கர் மாற்றியதுதான்! கழற்றிப் பார்த்தேன், ஷீட்டின் ஒரு மூலை சுருண்டு தொங்குகிறது. டேப் வாங்கப் போகிறேன். நன்றி சார்.

பதில் 2
சரி. கார்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள ஃபோமையும் காய வையுங்கள். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் ஈரம் நின்று தகடு துருப்பிடிக்கும்.