ப்யூரின் மீட்பு நொதியின் படிகங்கள்: மனதை விட்டு அகலாத ஓர் அனுபவம் சொல்லுங்கள்

கயல்:
மலேரியா ஒட்டுண்ணியின் ப்யூரின் மீட்பு நொதியான எச்ஜிஎக்ஸ்பிஆர்டி. இங்கே இருப்பவர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. டிஎன்ஏவுக்கு வேண்டிய ப்யூரினைத் தானே உருவாக்கத் தெரியாத அந்த உயிரி, சிவப்பணுவிலிருந்து ஹைப்போக்சாந்தின் என்ற ப்யூரினை எடுத்து இந்த நொதியால்தான் நியூக்ளியோடைடாக மாற்றிக்கொள்கிறது. எங்களுக்கு முதலில் கிடைத்தது எதுவும் பிணையாத காலி நொதியின் படிகம். செயல்மையத்துக்கு மூடியாக வர வேண்டிய நீண்ட கண்ணி இருக்கும் இடத்தில் எலக்ட்ரான் அடர்த்தியே இல்லை; அதாவது கண்ணி ஒரே நிலையில் நில்லாததால் வரைபடத்தில் பதியவில்லை. சங்கிலி ஓரிடத்தில் அறுந்து, வெகுதூரம் தள்ளி மறுபடி தொடங்கியது. அடுத்து நொதியைத் தடுக்கும் இம்யூசிலின் பாஸ்பேட், பைரோபாஸ்பேட், மக்னீசியம் மூன்றையும் சேர்த்து வளர்த்தோம். புதிய வரைபடம் திரையில் வந்தபோது, வெறுமையாக இருந்த அதே இடத்தில் கண்ணி முழுசாக நின்றது. செரின், அதை ஒட்டி டைரோசின். டைரோசின் வளையத்தின் நடுத்துளைகூடத் தெரிந்தது. மாதிரியைப் பொருத்தும் வேலையை ஒதுக்கிவிட்டு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1999இல் வெளியான அமைப்பில் இந்த மூடிய நிலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாமே வளர்த்த படிகத்திலிருந்து அது எழுந்து வருவது வேறு.

மாறன்:
என்னை உறுத்துவது ஒரு 'டிக்' சத்தம். டிரைடிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியின் நொதி, பிஆர்பிபி (நொதி ப்யூரினோடு சேர்க்கும் சர்க்கரை பாஸ்பேட்), மக்னீசியம் கலந்த துளிகள். ஓரங்கள் கத்திபோல் கூர்மையான, அழகான தட்டைப் படிகங்கள் வந்திருந்தன. ஆய்வகமே சுற்றி நின்றது. ஊசியால் தொட்டேன், 'டிக்' என்றது. புரதப் படிகத்தில் ஏறத்தாழ பாதி நீர்தான். அது சத்தமில்லாமல் நொறுங்கும். எக்ஸ் கதிரில் வைத்தபோது ஒன்றுக்கொன்று வெகு தள்ளி ஒரு சில புள்ளிகள்தான். உப்பு.

கயல், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிஆர்பிபி நிலையற்றது. துளியில் அது சிதைந்து பைரோபாஸ்பேட் சேரும், மக்னீசியத்தோடு கைகோத்துப் படிகமாகும். நீங்களோ பைரோபாஸ்பேட்டையே நேராகப் போடுகிறீர்கள். ஆகவே படிகம் வளர்க்கும் ஒவ்வொரு தட்டிலும் புரதம் இல்லாத துளி ஒன்றை அருகிலேயே வையுங்கள். அதிலும் அதே படிகங்கள் வந்தால் பேச்சு முடிந்தது. சந்தேகமானால் ஒரு படிகத்தை நன்றாகக் கழுவிக் கரைத்து ஜெல்லில் ஓட்டுங்கள், புரதத்தின் பட்டை தெரிய வேண்டும். மக்னீசியத்தைத் தேவைக்கு மேல் ஊற்றாதீர்கள். தாங்கல் கரைசலில் பாஸ்பேட் வேண்டவே வேண்டாம். உறைய வைக்குமுன் கிளிசரால் அளவை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் விரிசல் விழும்.

இளவேனில்:
மாறன், ஊசியை முதலில் எடுக்க வேண்டாம். கிடைத்தது ஒரே படிகமாக இருந்தால் சோதனையோடு அதுவும் போய்விடும். அறையிலுள்ள எக்ஸ் கதிர்க் கருவியிலேயே ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமே.

கயலின் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் மூடிய கண்ணியைப் பார்த்ததும் மருந்து கைக்கு வந்துவிட்டது என்று கிளம்புகிறவர்களைப் பார்த்துவிட்டேன். நான் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் பக்கம். அதில் இதே வேலையைச் செய்யும் எச்ஜிபிஆர்டி நொதியின் மரபணுவை நீக்கிய வளர்ப்பை நுண்ணோக்கியில் பார்த்த காலை மறக்கவில்லை: எல்லாம் கசையிழையை வீசிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. எக்ஸ்பிஆர்டி, ஏபிஆர்டி நொதிகள் என்று ப்யூரினைப் பெற அதற்கு வேறு வாசல்கள் உண்டு. டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் அப்படித்தான்; அடினோசினைப் பிடிக்கும் அடினோசின் கைனேஸ் நொதி இருக்கும்வரை மற்ற மீட்பு நொதியை இழந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

கயல்:
மருந்து கைக்கு வந்துவிட்டது என்று நான் எழுதவே இல்லையே. மேலும் மலேரியா ஒட்டுண்ணிக்கு அந்த அடினோசின் கைனேஸ் இல்லை, இளவேனில். அதனிடம் வாசல்கள் குறைவு. எனக்குள்ள உண்மையான கவலை வேறு: இம்யூசிலின் பாஸ்பேட் மனித நொதியையும் இறுக்கிப் பிடிக்கிறது. மனிதரில் அந்த நொதி அறவே இல்லாமல் போனால் வருவது லெஷ்-நைஹான் என்ற மரபுவழி நோய். ப்யூரினைத் தொடும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் சாந்தின் என்ற ப்யூரினை ஒட்டுண்ணி நொதி ஏற்கிறது, நம்முடையது ஏறக்குறைய தொடுவதில்லை. அந்த வேறுபாட்டைத்தான் பிடிக்கப் பார்க்கிறேன்.

நிலவன்:
அப்படியானால் ஒரு படி முன்னால் போய்ப் பாருங்கள். இனோசினை வெட்டி ஹைப்போக்சாந்தினைத் தரும் பிஎன்பி என்ற நொதி. மனிதருடையது மூன்று துணையலகுகள், ஒட்டுண்ணியுடையது ஆறு. அதன் குழியில் கந்தகம் கொண்ட மெத்தில்தயோ குழு போய் உட்காரும், மனித நொதியில் அவ்வளவு நன்றாக உட்காராது. இரண்டு அமைப்புகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அந்தக் கந்தக அணுவைச் சுற்றியிருக்கும் இடத்தைப் பார்த்த அன்றுதான் நான் இந்தத் துறையிலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். 2011இல் பிஎன்பி தடுப்பான் ஒன்றை ஆந்தைக் குரங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணிகள் நீங்கின. நிறுத்திய பிறகு மறுபடி தலைகாட்டின என்பதும் உண்மை. இளவேனில் உடனே அதைப் பிடித்துக்கொள்வார், நானே சொல்லிவிடுகிறேன்.

இளவேனில்:
பிடித்துக்கொள்ளத்தான் போகிறேன். அந்தத் தடுப்பான் மனித பிஎன்பி, ஒட்டுண்ணி பிஎன்பி இரண்டையும் தடுப்பது. மெத்தில்தயோ குழியைக் குறிவைத்தது அல்ல. அந்தக் குழியில் உட்காரும் மூலக்கூறோடு படிகம் வளர்த்தவர் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள்.