கிணற்று வாயின் உயரம்

ஆழ்துளைக் கிணறு (போர்) போட இடம் தேடி, தேங்காயை உள்ளங்கையில் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்த்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கருவிகளோடு போனவனின் அனுபவம் இது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிப் பெரியப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இந்தப் பக்கம் பெய்வதில்லை. இரண்டு போர் வற்றிவிட்டன. மூன்றாவது போடுவதற்கு முன், “நிலத்தடி நீரைச் செயற்கைக்கோள் பார்க்கிறதாமே, நம் தோப்பைப் பார்க்காதா தம்பி?” என்று கேட்டார். பார்ப்பது உண்மை. 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகச் சுற்றின. ஈர்ப்பு கூடிய இடத்தை நெருங்கும்போது முன்னது சற்று முந்தும். அந்த நுண்ணிய மாற்றத்திலிருந்து நீரின் எடை கூடியதா குறைந்ததா என்று கணிப்பார்கள். வடமேற்கு இந்தியாவில் நிலத்தடி நீர் கரைவது 2009இல் இப்படித்தான் வெளிவந்தது. ஆனால் சில நூறு கிலோமீட்டர் பரப்பை மொத்தமாகக் காணும் அந்தக் கண்ணுக்கு நான்கு ஏக்கர் தோப்பு தெரியாது.

எனவே கிணறுகளை அளந்தோம். நாடாவின் நுனியில் சாக்குக்கட்டி தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் நிறம் மாறி நீர்மட்டத்தைக் காட்டிவிடும். கிழக்கே அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்துத் தோட்டக் கிணற்றிலும் அளந்தோம். ஆழம் மட்டும் தெரிந்து பயனில்லை. இரண்டு கிணற்று வாய்களின் உயரமும் தெரிந்தால்தான் நீர் எந்தக் கிணற்றின் பக்கமாக நகர்கிறது என்று சொல்ல முடியும். எங்கள் கிணற்றின் உயரத்தைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்தேன். மற்றதை ஜிபிஎஸ் கருவியில் எடுத்தேன். கழித்துப் பார்த்தால் பக்கத்துக் கிணறு 90 மீட்டர் பள்ளத்தில் இருந்தது! சைக்கிளில் மிதிக்காமலே உருண்டுபோகும் அளவுக்குக்கூட அங்கே சரிவு கிடையாது.

வரைபடம் சொல்வது கடல்மட்டத்திலிருந்து உயரம். கருவி கொடுத்தது பூமிக்காகக் கணித்துவைத்த, துருவங்களில் சற்றுத் தட்டையான கற்பனைக் கோளப் பரப்பிலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்த பகுதியில் கடல்மட்டம் அந்தப் பரப்புக்கு 106 மீட்டர் வரை கீழே கிடக்கிறது. அதன் தாக்கம் நம் ஊர் வரை நீள்கிறது. தவறு 90 மீட்டர் என்பதால் பிடிபட்டது; 2 மீட்டராக இருந்திருந்தால் நம்பி போர் போட்டிருப்போம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

மறுநாள் காலையில் இரண்டு கிணறுகளிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கருவி வைத்து இரண்டு மணிநேரம் பதிவு செய்தோம். இரண்டுக்கும் பொதுவான பிழை கழித்தலில் போய்விடும். நீர் கிழக்கிலிருந்து எங்கள் பக்கம் வருவது உறுதியானது.

பிறகு மின்தடை ஆய்வு. நீர் ஊறிய இடத்தில் மின்தடை குறையும் என்பதுதான் இதன் அடிப்படை. நான்கு இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கிடையே மின்னழுத்தம் பார்த்தோம். தெற்கு மூலையில் தடை மிகக் குறைவாக இருந்தது. பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. தேங்காய் பறிக்க வந்திருந்த முதியவர்தான், “அது தூர்ந்துபோன குட்டை, அடியில் களிமண்” என்றார். களிமண்ணும் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

அந்த மூலையை விட்டுவிட்டோம். அடுத்த மாதம் கிழக்கு வேலியோரம் கம்பிகளை அடிக்கப் போகிறோம்.