ஐந்து மாதக் குழந்தைக்குப் பகல் நேர ஆயா: ஏஜென்சியா, தெரிந்தவர் மூலமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பெருங்குடி_அம்மா:

வணக்கம். 26 வார மகப்பேறு விடுப்பு அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. அப்போது பாப்பாவுக்கு ஐந்து மாதம் நிறைந்திருக்கும். திங்கள் முதல் சனி வரை, காலை 8.30லிருந்து மாலை 6.30 வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாமியார் கூட இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. குழந்தையைத் தூக்கி நடக்க முடியாது. பீச்சி எடுத்த தாய்ப்பாலும், பற்றாத நேரத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர் பாலும் கொடுக்கிறோம்.

ஓர் ஏஜென்சியில் “ட்ரெய்ன்டு ஆயா” என்று மாதம் 24,000 கேட்கிறார்கள். கமிஷன் தனியாக ஒரு மாதச் சம்பளம். சரிப்படவில்லை என்றால் மூன்று முறை ஆள் மாற்றித் தருவார்களாம். இன்னொரு பக்கம், எதிர் வீட்டில் வேலை செய்யும் அக்கா தன் சித்தியைச் சொல்கிறார். அவர் 17,000 கேட்கிறார், இரண்டு வீட்டில் கைக்குழந்தை பார்த்திருக்கிறாராம். எதைப் பார்த்து முடிவு செய்வது? என்னென்ன கேட்க வேண்டும்?

பச்சிளம்_வார்டு:

“ட்ரெய்ன்டு” என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். எங்கே, எத்தனை நாள், யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லி, தனித்தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சை விடக் கையைப் பாருங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன் தானாகவே கை கழுவுகிறாரா? தூக்கும்போது தலையையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்குகிறாரா? டயப்பர் மாற்றும்போது, எதையாவது எடுக்கத் திரும்பினால் ஒரு கை குழந்தை மேலேயே இருக்கிறதா? ஐந்து மாதத்தில் குழந்தை புரளும். கட்டிலிலிருந்து விழுவது பெரும்பாலும் அந்த இரண்டு நொடியில்தான்.

பிறகு இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

“ஒரு மணி நேரமா அழுகை நிக்கலைன்னா என்ன செய்வீங்க?” பசி, ஈரம், புழுக்கம், ஏப்பம், உடம்புச் சூடு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்வேன் என்றால் நல்ல பதில். “எங்கிட்ட வந்தா அழாது” என்பது பதிலே இல்லை. வசம்பு உரசிக் கொடுப்பேன், கிரைப் வாட்டர் கொடுப்பேன், தொக்கம் எடுக்கும் இடத்துக்கோ உரம் எடுக்கும் இடத்துக்கோ தூக்கிப் போவேன் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எரிச்சல் வந்தால் குழந்தையைப் பத்திரமாகத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, இரண்டு நிமிடம் அறைக்கு வெளியே நிற்கலாம் என்று நீங்களே சொல்லிவையுங்கள். ஆத்திரத்தில் குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். வெளியே காயமே தெரியாது.

“குழந்தை கீழே விழுந்துட்டா முதல்ல என்ன செய்வீங்க?” விழுந்ததை மறைப்பதுதான் விழுந்ததை விட ஆபத்து. வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். “சொன்னா வேலை போகாது, மறைச்சாதான் போகும்” என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். விழுந்த பிறகு வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், வலிப்பு, நினைவு தப்புதல் என்று எது இருந்தாலும் உடனே 108.

“பால் தொண்டையில சிக்கி மூச்சு வரலைன்னா?” இதற்குப் பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. அதற்காக ஆளை ஒதுக்க வேண்டாம், கற்றுக்கொடுங்கள். குழந்தை இருமினாலோ சத்தமாக அழுதாலோ தானாகவே வெளியே தள்ளிவிடும், விட்டுவிடலாம். சத்தம் வராமல் திணறினால், முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் 5 அழுத்தம். வெளியே வரும் வரை மாற்றி மாற்றி. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத எதையும் விரல் விட்டுத் துழாவக் கூடாது. ஒரு பொம்மையை வைத்து நீங்கள், மாமியார், ஆயா மூவரும் சேர்ந்து செய்து பாருங்கள்.

உடல்நலச் சான்று என்று ஏஜென்சி கொடுக்கும் ஒரு பக்கத் தாள் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று கேட்டு, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கைக்குழந்தைக்குக் காசநோய் வந்தால் மூளை வரைக்கும் போகும். கக்குவான் இருமலுக்கு டிடாப் ஊசி, குழந்தையோடு பழகுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். கவனியுங்கள்: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது டிடி ஊசி, அதில் கக்குவானுக்குப் பாதுகாப்பு கிடையாது. டிடாப் தனியார் மருத்துவமனையில் கிடைக்கும். வீட்டில் இருக்கும் எல்லாப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

தாம்பரம்_மேற்கு:

பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள், மொத்தம் 260 மணி நேரம். 24,000 என்றால் மணிக்குச் சுமார் 92 ரூபாய், 17,000 என்றால் 65. ஆனால் ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த 24,000இல் அந்த அம்மா கைக்குப் போவது எவ்வளவு? மாதாமாதம் அதிலும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால், யாராவது ஆயிரம் ரூபாய் கூடச் சொன்னதும் அவர் போய்விடுவார். சம்பளம் நேராக அவர் வங்கிக் கணக்குக்கோ ஜிபேவுக்கோ போக வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். ஆள் மாற்றித் தருவது எத்தனை நாளுக்குள், அந்த மூன்று முறைக்குக் கெடு எத்தனை மாதம், அவர் தானாக நின்றுவிட்டால் அதுவும் கணக்கில் வருமா, கமிஷனில் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். “போன் பண்ணுங்க மேடம், பார்த்துக்கலாம்” என்பது ஒப்பந்தம் ஆகாது. ஒன்று யோசியுங்கள்: மூன்று முறை மாற்றினால், ஐந்து மாதக் குழந்தை நான்கு முகங்களைப் பழக வேண்டும்.

ஆதார் நகல் மட்டும் போதாது. அசல் அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வரும், முகத்தோடு ஒப்பிடுங்கள். அசல் ஆவணத்தை நீங்கள் பிடித்துவைக்கக் கூடாது, ஏஜென்சியும் கூடாது. வயது 18க்குக் கீழே என்று சந்தேகம் வந்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முகவரியும் வழக்கு விவரமும்தான் அதில் தெரியும், குழந்தையைக் கையாளும் விதம் தெரியாது.

அதைப் பழைய வீட்டாரிடம்தான் கேட்க முடியும். இரண்டு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். “நல்லவங்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். குழந்தைக்கு அப்போது எத்தனை மாதம், எந்த வருடம், எத்தனை மணிக்கு வருவார், மாதம் எத்தனை நாள் லீவு, ஏன் நின்றார், திரும்பக் கிடைத்தால் கூப்பிடுவீர்களா என்று கேளுங்கள். இதே கேள்விகளை அவரிடமும் கேட்டு ஒப்பிட்டால், சொல்லிவைத்துப் பேசும் ரெஃபரென்ஸ் அங்கேயே உடைந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் அலுவலகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கவும் உரிமை உண்டு. எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுவையுங்கள். ஆயா வராத நாளுக்கு அது கைகொடுக்கும்.

பெருங்குடி_அம்மா:

மிக்க நன்றி. சித்தியை நேற்று வரச் சொல்லிப் பார்த்தோம். கை கழுவினார், தூக்கும் விதமும் நன்றாக இருந்தது. முன்பு வேலை பார்த்த வீட்டிலும் நல்லவிதமாகச் சொன்னார்கள். ஆனால் தூளி கட்டினால்தான் குழந்தை தூங்கும் என்கிறார், மாமியாரும் அதையே சொல்கிறார். குளிப்பாட்டிய பிறகு மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணி, பவுடர், கண் மை எல்லாமே பழக்கமாம். எப்படிச் சொல்வது? பால் விஷயத்தில் என்ன எழுதி ஒட்ட வேண்டும்?

பச்சிளம்_வார்டு:

தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும். கைக்குழந்தையின் மூச்சுக்குழல் மெலிது, மடங்கிவிடும். புரளும் வயதில் துணி முகத்தை மூடும், குழந்தை வெளியே விழும். தூக்கம் என்றால் கெட்டியான சமமான மெத்தை, மல்லாக்க, தலையணையும் பொம்மையும் போர்வையும் இல்லாமல். தாலாட்டு, மடியில் ஆட்டுவது எல்லாம் தாராளமாக இருக்கட்டும். கண் சொருகியதும் மெத்தைக்கு மாற்றட்டும். முதல் நான்கைந்து நாள் அழும், பிறகு பழகிவிடும். பழகும் அந்த நாட்களில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

மூக்கில் ஊதினால் ஊதுபவர் வாயில் உள்ள கிருமி நேராக உள்ளே போகும். எண்ணெய் மூக்கில் போனால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். புகையும் பவுடரும் மூச்சைத் தடுக்கும். கடையில் வாங்கும் கண் மையில் ஈயம் இருக்கலாம். இதை நீங்கள் மட்டும் சொன்னால் மாமியாருக்கும் உங்களுக்கும் நடுவில் சித்தி மாட்டிக்கொள்வார். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது இருவரையும் அழைத்துப்போய், டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். எண்ணெய் தேய்த்து இதமாக நீவிக் குளிப்பாட்டுவது நல்ல பழக்கம், அதைத் தடுக்காதீர்கள்.

பாலுக்கு இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். படிக்கச் சிரமப்படுவார் என்றால் நீங்களே குரல் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

பீச்சிய பாலை வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரி வரைக்குமான கணக்கு. சென்னை அறைக்கு அது பொருந்தாது. எடுத்ததும் ஃபிரிட்ஜ் உள்பக்கம் வைக்கவும், கதவில் வேண்டாம். அங்கே 4 நாள் வரை இருக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி, நேரம், பழையது முதலில். சூடான தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துத்தான் சூடேற்றணும், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ கூடாது. குடித்து மீந்ததை 2 மணி நேரத்தில் கொட்டிவிடணும். நீங்கள் பால் எடுத்துவைக்கும் போது 60, 90 மில்லி என்று சின்னச் சின்னதாகப் பிரித்தால் வீணாகாது. இல்லையென்றால் கொட்ட மனசு வராமல் மறுபடி ஃபிரிட்ஜுக்குள் போகும்.

பவுடர் பால் ஒவ்வொரு முறையும் புதிதாக. தண்ணீரைக் கொதிக்கவைத்து 30 நிமிடத்துக்குள் கலக்கணும், ஏனென்றால் பவுடரிலேயே கிருமி இருக்கலாம், அது சாக 70 டிகிரி சூடு வேண்டும். பிறகு புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றணும். டப்பாவில் போட்ட கணக்கின்படி முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டி. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. “பால் கெட்டியா இருந்தா நல்லா தூங்கும்” என்று ஒன்று கூடப் போடுவதும், சிக்கனமாக ஒன்று குறைப்பதும் அடிக்கடி நடக்கிற தவறு. ரொம்ப நீர்த்தால் வலிப்பு வரைக்கும் போகும்.

ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர், பிஸ்கட் கரைசல், இட்லி எதுவும் கிடையாது. ஒரு வயது வரை தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது.

மருந்து எதையும் அவராகக் கொடுக்கக் கூடாது. உங்களிடம் கேட்ட பிறகுதான். பாராசிட்டமாலில் பெரிய குழப்பம் உண்டு: சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120. சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும், கல்லீரல் தாங்காது. வீட்டில் ஒரே வகையை மட்டும் வையுங்கள். சளி, இருமல் சிரப் எதையும் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பகலில் வழக்கத்தை விட அதிகமாகத் தூங்கி, எழுந்ததும் மந்தமாக இருந்தால், யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

வேப்பமர_நிழல்:

சித்தியை எடுக்கலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சம்பளத்தோடு அவரை வரவையுங்கள். முதல் மூன்று நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். அடுத்த நான்கு நாள் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், முழு நாள் என்று வெளியே போங்கள். பால் புட்டியை இப்போதே பழக்குங்கள், அதுவும் உங்கள் கையால் இல்லாமல் அவர் கையால். அம்மா மணம் இருந்தால் குழந்தை புட்டியைத் தள்ளிவிடும். புட்டி ஏற்கவே இல்லை என்றால் பாலாடையில், அதாவது சங்கு போன்ற சின்னக் கிண்ணத்தில், கொடுக்கலாம்.

ஒரு நோட்டு வையுங்கள்: பால் நேரம், மில்லி, சிறுநீர், மலம், தூக்கம். ஒரு நாளைக்கு ஆறு ஈர டயப்பராவது வர வேண்டும், குறைந்தால் பால் பற்றவில்லை. எல்லா நேரமும் 10.00, 12.00, 2.00 என்று வரிசையாக இருந்தால், மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். திட்டாதீர்கள், அப்போதைக்கப்போது குறிக்கச் சொல்லுங்கள். கேமரா வைத்தால் அவரிடம் சொல்லிவிட்டு, கூடத்திலும் குழந்தை படுக்கும் இடத்திலும் மட்டும். அவர் உடை மாற்றும் அறையில் கூடவே கூடாது. கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள்.

சம்பளத்தை 17,000இல் நிறுத்தாமல், மூன்று மாதம் கழித்து எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் லீவு, அதற்கு மேல் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், 6.30க்கு மேல் தாமதமானால் மணிக் கணக்கில் கூடுதல். அவர் வேலை குழந்தையும் குழந்தையின் துணி, புட்டியும் மட்டும். “சும்மாதானே இருக்கீங்க, இந்தப் பாத்திரத்தையும்” என்று ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் ஆளும் போகும், கவனமும் போகும். மதியம் முக்கால் மணி நேரம் அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடட்டும், அந்த நேரம் பாப்பா மெத்தையிலேயே இருக்க மாமியார் பக்கத்தில் இருந்தால் போதும். தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். குழந்தைக்கு ஊட்டுகிற கைக்கு வீட்டுத் தட்டைக் கொடுக்க மறுப்பது தவறு.

வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் பதிய உதவுங்கள். வருடம் 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதமர் விபத்துக் காப்பீடு 2 லட்சத்துக்கு உண்டு, அவர் வங்கிக் கணக்கிலேயே செய்யலாம். அந்த 20 ரூபாயை நீங்கள் கட்டுங்கள்.

அவர் எங்கிருந்து வருகிறார்? மகளிர் இலவசப் பேருந்தில் ஒரே வண்டியில் வர முடிகிறதா? இரண்டு வண்டி மாறி வர வேண்டியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் 8.30 என்பது நடக்காது. அந்த மாதங்களுக்கு மாற்று ஏற்பாடு இப்போதே பேசிவையுங்கள்.

பெருங்குடி_அம்மா:

பள்ளிக்கரணையிலிருந்து ஒரே பேருந்துதான். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டேன், எக்ஸ்ரேவுக்கும் டிடாபுக்கும் நாளைக்கே அழைத்துப் போகிறேன். ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை என்ன செய்வது?

பச்சிளம்_வார்டு:

எக்ஸ்ரே முடிவு வந்த பிறகு வரட்டும். ஊசிக்குப் பிறகு முதல் வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும், துணி, புட்டி கழுவும் வேலையைப் பழகட்டும். அடுத்த வாரம் மாஸ்க் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கலாம். இருமல் இருந்தால் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிடுங்கள். சம்பளம் பிடித்தால் இருமலை மறைத்துக்கொண்டு வருவார்.