நித்யா ரிசப்ஷனும் கார்பன் கிட்டாரும்: எங்க வீட்டு குரூப்ல ஒரு சாயங்காலம்

அருண்: எல்லாரும் இருக்கீங்களா? நித்யா அக்கா ரிசப்ஷன்ல நான் வாசிக்கணும்னா கிட்டார இந்த வாரம் முடிவு பண்ணியாகணும். மர கிட்டார்ல பிரிட்ஜ், அதான் மேல்பலகைல கம்பி மாட்டற கட்டை, பின்பக்கம் தூக்கிடுச்சு

மீனா அக்கா: எவ்வளவு

அருண்: விசிட்டிங் கார்டு 3 மில்லி உள்ள போகுது

வித்யா: ஒட்டிக்கலாமேடா. நல்ல கிட்டார் அது

மீனா அக்கா: ஒட்டலாம் சித்தி. முழுசா கழட்டி, பழைய பசைய சுரண்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் அசையாம விடணும். ஆனா பிரிட்ஜுக்குப் பின்னாடி மேல்பலகையும் உப்பியிருக்கு. ராத்திரி திறந்தவெளில பனி இறங்கினா இன்னும் உப்பும், கம்பி உசரும்

அருண்: அதான் முழு கார்பன் ஃபைபர் பாக்கறேன். ஈரத்துல உப்பாது. டிரம்ஸ், பேஸ் கூட 6 பாட்டு, எல்லாம் ஸ்பீக்கர்ல

நித்யா: 6ஆ?? 4னு சொன்ன

அருண்: அக்கா அப்புறம் பேசலாம்

ரமணி சித்தப்பா: நான் சொல்றேன். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. கார்பன்னா ஊளையிடாதுன்னு சொல்வாங்க, நம்பாத. ஈரம், வெடிப்பு, கழுத்து வளையறது, இதுக்கெல்லாம் கார்பன் நல்லது. ஃபீட்பேக், அதான் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப கிட்டாருக்குள்ள போய் ஊளையிடறது, வேற கணக்கு. எந்தப் பெட்டியா இருந்தாலும் உள்ள இருக்கற காத்துக்கு ஒரு சுதி உண்டு. பெரிய பாடி கிட்டார்ல அது சுமார் 100 ஹெர்ட்ஸ் கிட்ட வரும். 6வது கம்பில 3வது ஃப்ரெட் ஜி இருக்கே, அது 98. மானிட்டர், அதான் மேடைல உனக்குக் கேக்க வைக்கற ஸ்பீக்கர், அந்த சுதிய உன் பக்கம் தள்ளினா ஓட்டை பாட ஆரம்பிச்சுடும். டாப், அதான் மேல்பலகை, தனியா 200 கிட்ட ஒரு தடவ பாடும். கார்பன் டாப்ப மெல்லிசா, உள்ள தாங்கு கட்டையே இல்லாம செஞ்சிருந்தா மரத்த விட சுறுசுறுப்பாவே அதிரும். அப்ப

ரமணி சித்தப்பா: அப்ப ஊளையும் சுறுசுறுப்பா வரும். இது இப்ப வந்த விஷயமும் இல்ல. 60கள்ல சார்ல்ஸ் கமான் ஓவேஷன்னு கிட்டார் கம்பெனி ஆரம்பிச்சாரு. ஹெலிகாப்டர் செஞ்சவரு. முதுகுக்கு ஃபைபர் கிளாஸ் கிண்ணம், பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற சாடிலுக்கு அடில, அதிர்வ கரண்டா மாத்தற பீசோ. மேடைக்குன்னே நெனச்சு செஞ்சது. அப்புறம் 70கள்ல அடாமஸ்னு ஒண்ணு, அதுல டாப்பே கார்பன். நடுவுல பெரிய ஓட்டை கிடையாது, தோள்பட்டைல சின்னச் சின்ன ஓட்டை

பெரியப்பா: ஹெலிகாப்டர் எதுக்குடா

கோபி மாமா: 😂😂

பெரியப்பா: நாற்காலி 200 போதுமா 250ஆ, அத முதல்ல சொல்லுங்க

வித்யா: 250 மாமா. போன தடவ நின்னவங்க இன்னும் சொல்லிக் காட்டறாங்க

அருண்: சித்தப்பா, நான் பாத்து வச்சது மூணு. ஒண்ணு ரெயின்சாங், நடுவுல ஓட்டை. இன்னொண்ணு எமரால்ட் எக்ஸ் 20, ஓட்டை மேல தோள்பக்கம். மூணாவது லாவா, உள்ளயே எக்கோ ரிவர்ப் வருது

ரமணி சித்தப்பா: மூணாவது வீட்ல உக்காந்து வாசிக்க ஜாலி. உள்ள ஒரு மோட்டார் மாதிரி வச்சு முதுக அதிர வைக்கும், அதுலதான் ரிவர்ப் கேக்கும். மேடைல ஸ்பீக்கருக்குப் போகும்போது அத ஆஃப்ல வை. பெட்டிய நீயே ஆட்டி விட்டுட்டு ஊளையிடுதேன்னு அழக்கூடாது. எக்ஸ் 20 எடு. ஓட்டை தோள்பக்கம் இருந்தா உனக்கே சத்தம் மேல வரும், மானிட்டர கம்மியா வைக்கலாம். மானிட்டர் கம்மினா பாதி ஊளை போச்சு. மக்ஃபெர்சன் கம்பெனி கிட்டார்லயும் ஓட்டை ஓரமாதான்

மீனா அக்கா: நான் ஒத்துக்க மாட்டேன் சித்தப்பா

ரமணி சித்தப்பா: ஏன்

மீனா அக்கா: நடு ஓட்டை 100 மில்லி வட்டமா இருந்தா ரப்பர் மூடி எங்கயும் கிடைக்கும். ஓட்டைக்குக் குறுக்க மாட்டற மேக்னெட்டிக் பிக்கப்பும் போடலாம், கம்பி அதிர்வ காந்தத்தால பிடிக்கறது. தோள்பக்க ஓட்டை கண்ணீர்த் துளி மாதிரி வளைஞ்சிருக்கு. எந்த மூடியும் உக்காராது. மேக்னெட்டிக் பிக்கப்ப கம்பிக்குக் கீழ கொண்டு வரவே முடியாது. உள்ள என்ன பிக்கப் வச்சுக் குடுத்தானோ அதோட காலம் தள்ளணும்

ரமணி சித்தப்பா: மூடிய வெட்டி செஞ்சுக்கலாம், ஃபோம் ஷீட்ல

மீனா அக்கா: செஞ்சுக்கலாம். 4வது பாட்டுல உள்ள விழும்

கோபி மாமா: பொண்ணு கரெக்டா சொல்றா

ரமணி சித்தப்பா: மாப்ள நீங்க ஆம்ப்ப திருப்பிக் குடுத்துட்டு கருத்து சொல்லுங்க

கோபி மாமா: அது என் கிட்ட இல்ல. 3 வருஷமா சொல்றேன்

வித்யா: இப்ப அது வேண்டாமே

நித்யா: கச்சேரியா கல்யாணமா இது

அருண்: அப்ப பிக்கப் எது? சாடிலுக்கு அடில வர்றதா, உள்ள ஒட்டறதா?

மீனா அக்கா: டிரம்ஸ் கூடன்னா சாடில் அடி பீசோ, இல்லேன்னா மேக்னெட்டிக். உள்ள மைக் சேர்ந்து வந்தா அதோட குமிழ கால்வாசிக்கு மேல ஏத்தாத. தனியா வாசிக்கும்போது மைக் அழகு, டிரம்ஸ் கூட அது டிரம்ஸத்தான் பிடிக்கும்

அருண்: ஒட்டறது? அந்த மூணு வில்லை மாதிரி

மீனா அக்கா: மரத்துல சொல்ல வேண்டியதே இல்ல, அருமை. கார்பன்ல உள்பக்கம் வழவழன்னு இருக்காது, அச்சுல ஒட்டியிருந்த வெளிப்பக்கம்தான் பளபளப்பு. உள்ள நெசவு மேடும் பள்ளமுமா இருக்கும். வில்லை முழுசா ஒட்டலேன்னா ஒரு கம்பி சத்தமா, ஒரு கம்பி செத்தும் கேக்கும். ஒட்டற எடத்த மட்டும் 220 உப்புத்தாளால சமமாக்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டு ஜெல் மாதிரி கெட்டியான சூப்பர் க்ளூ. தண்ணியா இருக்கறது பள்ளத்துல ஓடிடும்

ரமணி சித்தப்பா: இங்க ஒண்ண யாரும் கவனிக்க மாட்டாங்க. ப்ரீஆம்ப், அதான் பிக்கப் சிக்னல பலப்படுத்தற சின்ன போர்டு, இல்லாத பீசோவ நேரா மிக்சர் லைன்ல சொருகிட்டு கிட்டார் தகர டப்பா மாதிரி இருக்குன்னு திட்டுவாங்க. பீசோங்கறது ஒரு கெபாசிட்டர். உதாரணத்துக்கு 1 நானோஃபாரட்னு வச்சுக்கோ. அத 1 மெகா ஓம் தடை உள்ள இன்புட் வாய்ல குடுத்தா 159 ஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்க ஆரம்பிக்கும். உன் கீழ் ஈ 82. போச்சா? 10 மெகா ஓம்னா 16 ஹெர்ட்ஸ், கவலையே இல்ல. மிக்சர் லைன் வாய் வெறும் 10 கிலோ ஓம்தான், அதுல பேஸ் மொத்தமும் காணாமப் போயிடும். அதனால கிட்டாருக்குள்ளயே ப்ரீஆம்ப் இருக்கணும், இல்ல 10 மெகா ஓம் வாய் உள்ள டிஐ, அதான் கிட்டார மிக்சரோட சேக்கற பெட்டி

அருண்: புரிஞ்சுது. உள்ள ப்ரீஆம்ப் இருக்கறதுதான் எடுக்கறேன்

பெரியப்பா: மெகா ஓம் ஆளுக்கு எத்தன

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மீனா அக்கா: அப்பா 😄

வித்யா: சட்டை எல்லாருக்கும் ஒரே நீலம்தானே? அருண் கறுப்புங்கறான்

அருண்: கிட்டாரே கறுப்பு, நானும் கறுப்புனா போட்டோல கைதான் தெரியும். நீலமே ஓகே

மீனா அக்கா: வாங்கறதுக்கு முன்னாடி கழுத்தப் பாரு. கார்பன் கிட்டார் சிலதுல ட்ரஸ் ராடே, அதான் கழுத்து வளைவ திருகி சரி பண்ற கம்பி, கிடையாது, வந்த வளைவுதான் கடைசி வரைக்கும். 1வது ஃப்ரெட்ல கேப்போ போடு, கம்பி எல்லாத்தையும் அமுக்கற கிளிப், கழுத்து பாடியோட சேர்ற ஃப்ரெட்ல விரல் வச்சு அமுக்கு, 7வது ஃப்ரெட் மேல இடைவெளி பாரு. 0.15லேர்ந்து 0.25 மில்லி வரைக்கும் சரி. அரை மில்லி இருந்து, திருக ராடும் இல்லேன்னா எடுக்காத

அருண்: கம்பி உசரம்?

மீனா அக்கா: 12வது ஃப்ரெட்ல 6வது கம்பி 2.4, 1வது கம்பி 1.8. அதிகமா இருந்தா சாடில் அடில தேய்க்கலாம். 12வதுல 0.3 இறங்கணும்னா சாடில்ல 0.6 எடுக்கணும், ரெண்டு மடங்கு. கண்ணாடி மேல உப்புத்தாள ஒட்டி சாடில நட்டுக்க நிக்க வச்சு தேய். கைல பிடிச்சு தேய்ச்சா அடி உருண்டுடும், நடு ரெண்டு கம்பி பீசோல கேக்கவே கேக்காது. பிக்கப் சரியில்லன்னு கொண்டு வர்றதுல நிறைய இந்த உருண்ட சாடில்தான்

கோபி மாமா: பிக்கப் இல்லாததா இருந்தா ஓட்டை போட்டு நாமளே மாட்டிக்கலாம்ல?

மீனா அக்கா: போடலாம் மாமா, ஆனா கார்பன். வயர் சொருகற பின் ஜாக்குக்கு 12.7 மில்லி ஓட்டை வேணும். சாதாரண பிட்ட ஒரே அடியா விட்டா வெளிப்பக்க நெசவு பிய்ஞ்சு முள்ளு முள்ளா நிக்கும். மேல டேப் ஒட்டணும், ஸ்டெப் பிட்ல மெதுவா, முதல் நாலு சுத்து ரிவர்ஸ்ல. மாஸ்க் கட்டாயம். பக்கத்துல ஒருத்தர் வாக்குவம் பிடிக்கணும். அந்தத் தூள்ல கரண்ட் பாயும், ப்ரீஆம்ப் போர்டுல விழுந்தா விளையாட்டுக் காட்டும்

கோபி மாமா: சரி வேண்டாம்

ரமணி சித்தப்பா: கரண்ட் பாயும்னதும் இன்னொண்ணு. வயர்லெஸ் போடப் போறியாடா? பெட்டிக்குள்ள டிரான்ஸ்மிட்டர் வைக்காத. கார்பன் ரேடியோ அலைய மறைக்கும். முதுகுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல மாட்டிட்டு நீ திரும்பினா சத்தம் விட்டு விட்டு வரும். ஸ்ட்ராப்ல, தோளுக்குப் பின்னாடி மாட்டு. 6 பாட்டு உக்காந்துதானே வாசிக்கற, பேசாம வயர் போடு

நித்யா: 4

ரமணி சித்தப்பா: 4 பாட்டு

அருண்: கம்பி என்ன போடறது? கார்பன் ரொம்ப பளிச்சுனு கேக்குதுன்னு பயம்

மீனா அக்கா: பாஸ்பர் பிரான்ஸ் 12-53. 80/20 பிரான்ஸ் போட்டா இன்னும் பளிச்சு. மேக்னெட்டிக்னா கம்பி மேல சுத்தியிருக்கற பிரான்ஸ காந்தம் பிடிக்காது, உள்ள இருக்கற ஸ்டீல மட்டும்தான் பிடிக்கும். வெத்து ஸ்டீலா இருக்கற 1வதும் 2வதும் தனியா குதிக்கும். பிக்கப்ல கம்பிக்கம்பிக்கு திருக ஸ்க்ரூ இருந்தா 2வத இறக்கு. இல்லேன்னா நிக்கல் சுத்தின கம்பி போடு

ரமணி சித்தப்பா: சவுண்ட் பாக்கற பையன் கிட்ட இத குடு. லோ கட், அதான் அடி சுதிய வெட்டறது, 80 ஹெர்ட்ஸ்ல. பேஸ் கிட்டார் இருக்கறதால 100 வரைக்கும் ஏத்தலாம். பீசோவோட அந்த வாத்து சத்தம் 1.5 கிலோஹெர்ட்ஸ் சுத்தி இருக்கும், 3 டெசிபல் இறக்கு. கம்ப்ரசர் கம்மி, அது வாத்த பெருசாக்கும். ஊளை வந்தா ஃபேடர இழுக்காத. முதல்ல கிட்டார்ல இருக்கற ஃபேஸ் பட்டன, சிக்னல தலைகீழாக்கறது, அமுக்கிப் பாரு, அப்புறம்தான் நாட்ச், ஊளையிடற சுதிய மட்டும் வெட்டறது. நாட்ச் எங்கன்னு மேடைல தேடாத, வீட்லயே கண்டுபிடி. கம்பிய எல்லாம் கையால அமுக்கிட்டு, ஓட்டைக்கு நேரா வாய வச்சு ம்ம்ம்னு கீழேர்ந்து மேல இழு. ஒரு சுதில பெட்டி வயித்தோட ஒட்டி நடுங்கும். ட்யூனர்ல அது என்ன சுதின்னு பாரு. 'ஜி'ன்னா 98, 'ஏ'ன்னா 110. அதுதான் ஊளையிடப் போற எடம்

பெரியப்பா: ராத்திரி பண்ணாதே. பக்கத்து வீட்ல கேப்பாங்க

மீனா அக்கா: அந்த ம்ம்ம் வேலைய வாங்கறதுக்கு முன்னாடியே பண்ணு. ரெண்டு கிட்டார்லயும். எது கம்மியா நடுங்குதோ அது

ரமணி சித்தப்பா: அதுல எக்ஸ் 20 ஜெயிக்கும்

மீனா அக்கா: பாக்கலாம்

வித்யா: கார்பன்னா வெயில்ல கார்ல வைக்கலாமா? பாட்டிய அழைச்சுட்டு வர்ற கார்லதான் சாமான் எல்லாம்

மீனா அக்கா: வேண்டாம் சித்தி. கார்பன் நாரு தாங்கும், நடுவுல பிடிச்சு வச்சிருக்கறது ரெசின், பிரிட்ஜ் ஒட்டினதும் பசை. மூடின கார் கொதிக்கும்

ரமணி சித்தப்பா: சுதியும் மாறும். கழுத்து அசையாது, ஆனா கம்பி ஸ்டீல்தானே. சூட்டுல நீளும், சுதி இறங்கும். மேடைக்கு 15 நிமிஷம் முன்னாடியே கொண்டு வந்து விளக்குக்குக் கீழ வச்சுட்டு அப்புறம் ட்யூன் பண்ணு

கோபி மாமா: பாட்டிய யார் கூட்டிட்டு வர்றது? நான்னு யார் முடிவு பண்ணினது

வித்யா: கோபி, போன்ல பேசு

அருண்: ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு ரெண்டையும் ப்ளக் பண்ணிப் பாக்கறேன். ஒரு மானிட்டரும் டிஐயும் வேணும். சித்தப்பா?

ரமணி சித்தப்பா: டிஐ என் கிட்ட இருக்கு. மானிட்டருக்கு அந்த ஆம்ப்பே போதும். யார் கிட்ட இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

கோபி மாமா: பரண்ல பாக்கறேன்

ரமணி சித்தப்பா: 🙂

மீனா அக்கா: முக்கா மணி நேரம் வாசி, 2 நிமிஷம் இல்ல. முடிஞ்சதும் வயர பிடுங்கிடு. வயர் சொருகியிருந்தாலே ப்ரீஆம்ப் ஓடும், நீ வாசிக்காட்டியும் பேட்டரி தீரும். புது 9 வோல்ட் ஒண்ணு போடு, ஒண்ணு கைல. மீட்டர்ல 8க்குக் கீழ இருந்தா போடாத, அடிச்சு வாசிக்கும்போது கரகரக்கும்

அருண்: வீட்ல 9 வோல்ட் இருக்கா யார் கிட்டயாவது?

பெரியப்பா: டிவி ரிமோட்ல இருக்கு எடுத்துக்கோ

அருண்: அது பென்சில் பேட்டரி பெரியப்பா. இது சதுரமா இருக்கும்

நித்யா: அப்ப எந்த கிட்டார்?

ரமணி சித்தப்பா: எக்ஸ் 20

மீனா அக்கா: நடு ஓட்டை

வித்யா: மீனா, மர கிட்டாரையும் ஒட்டி வச்சுடும்மா, எதுக்கும்